தேர் எப்படி சார் நகருது?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஒரே பெஞ்சில் என்னோடு உட்கார்ந்து தூங்கிய நண்பர்களே!

பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நாற்பத்தைந்து நிமிஷ பீரியடுக்குப் பழகின வாய், பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கரன்கோவிலில் 30 வருஷம் இயற்பியல் எடுத்தவன் நான். அதில் செய்த ஒரு தப்பை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேலையில் சேர்ந்து மூன்றாவது வருஷம். நியூட்டனின் மூன்றாம் விதியை நடத்தி முடித்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை.

"சார், ஆடித்தபசுக்குக் கோமதி அம்மன் தேர் இழுத்தேன். நாம இழுக்கிற அளவுக்கே தேரும் நம்மளப் பின்னால இழுக்குதுன்னா, ரெண்டும் கழிஞ்சு போயிரும்லா? அப்புறம் தேர் எப்படி சார் நகருது?"

வகுப்பே சிரித்தது. எனக்கோ பதில் தெரியவில்லை. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கத் தெரியும், அவ்வளவுதான். "பரீட்சைக்கு வராததைக் கேட்காதே, உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். அந்த வருஷம் முழுக்க அவன் வேறு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஆடியில் நானும் வடம் பிடித்தேன். வடம் விறைத்தபோது என் காலைக் கவனித்தேன். பாதம் தரையைப் பின்னுக்கு உந்துகிறது. தரை என்னை முன்னுக்குத் தள்ளுகிறது. அப்போதுதான் உறைத்தது. சமமும் எதிருமான அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருள் மீது இல்லை! தேர் நகருமா என்று பார்க்க, தேரை மட்டும் தனியாக வரைய வேண்டும். முன்னே வடத்தின் இழுப்பு, பின்னே சக்கரத்தின் தடை. தேர் நம்மை இழுப்பது நம்முடைய படத்தில் வரும். தேரின் படத்தில் அதற்கு வேலை இல்லை.

கணக்குக்காகத் தேர் 20 டன், தடை 10,000 நியூட்டன், ஆளுக்கு 200 நியூட்டன் இழுப்பு என்று வைப்போம். 50 பேர் இழுத்தால் தடைக்குச் சரி. 60 பேர் இழுத்தால் மிச்சம் 2,000 நியூட்டன். அதை 20,000 கிலோவால் வகுத்தால் முடுக்கம் 0.1. ஐந்து விநாடியில் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். பிறகு பத்துப் பேர் கையை விட்டாலும் தேர் அதே வேகத்தில் போகும். இதை ஒத்துக்கொள்ளத்தான் பிள்ளைகளுக்கு மனசு வராது. "நிகர விசை சுழின்னா நின்னுருமே சார்" என்பார்கள். நிற்காது, வேகம் மாறாது, அவ்வளவே. நிலையை விட்டுக் கிளப்புவதுதான் பெரும்பாடு. அதற்குத்தானே சக்கரத்துக்குப் பின்னால் தடி போடுகிறோம்!

இன்னொன்று. 1687-இல் வெளிவந்த தம் நூலில், இந்த விதிக்கு நியூட்டன் காட்டும் உதாரணங்களில் ஒன்று, குதிரை கயிறு கட்டிக் கல்லை இழுப்பது. எங்கள் பையன் குதிரைக்குப் பதில் ஊரைப் பூட்டினான். அவனைத்தான் நான் உட்காரச் சொன்னேன்.

போன மாதம் ரத வீதியில் அவனைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. கையைப் பிடித்து நிறுத்திப் பதிலைச் சொன்னேன். சிரித்தான். "எனக்கு அது மறந்தே போச்சு சார். எம் மக பிளஸ் ஒன் படிக்கா. நெறைய கேள்வி கேக்கா. அவளுக்குச் சொல்லுங்க" என்றான்.

நாளைக் காலை அந்தப் பிள்ளை நோட்டோடு வீட்டுக்கு வருகிறாள். ராத்திரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். விருந்துக்கு இருக்க முடியாததற்கு மன்னியுங்கள்.