இரத்தத்தில் இனிப்பும் கால்சியமும்
(சுங்கை பாக்காப்பில் மூத்தோருக்கான சுகாதார உரை)



"இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறதாம். அப்படியென்றால் என் எலும்பும் நன்றாகத்தானே இருக்கும்?" என்று பலர் கேட்பதுண்டு. அப்படிச் சொல்லிவிட முடியாது.

கழுத்தில், தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் பொதுவாக நான்கு சிறு சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அரிசி மணி அளவுதான். பெயர் பாராதைராய்டு. இரத்தத்தில் கால்சியம் சற்றே குறைந்தாலும் இவை ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்க்கும். சிறுநீரில் வீணாவதையும் குறைக்கும். இதயமும் தசைகளும் ஒழுங்காக இயங்க அந்த அளவு நிலையாக இருந்தாக வேண்டும். சாப்பாட்டில் கால்சியம் போதாவிட்டால், இபிஎஃப் சேமிப்பிலிருந்து எடுப்பதுபோல் உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொண்டே போகும். இரத்தத்தில் கணக்கு சரியாகத் தெரியும்; சேமிப்போ கரைந்திருக்கும். தலையோடு சாப்பிடும் நெத்திலி, கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால் எல்லாம் நல்லவை. கொஞ்சம் வெயிலும் வேண்டும். வைட்டமின் டி இல்லாமல் உணவிலுள்ள கால்சியம் சரியாக உடலில் சேராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கால்சியம் மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

இனிப்புக்கு வருவோம். கணையம் சுரக்கும் இன்சுலின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். அதே கணையத்தின் குளுக்ககான், கல்லீரலில் சேமித்த சர்க்கரையை வெளியே விட்டு அளவை ஏற்றும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதனால் நாம் சர்க்கரை ஏறுவதற்கே பயப்படுகிறோம். ஆனால் இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது இறங்குவதும் ஆபத்து. மருந்தை எடுத்துவிட்டு, விரதம் என்று சாப்பிடாமல் இருந்தால் கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். சில இரத்த அழுத்த மாத்திரைகள் அந்த நடுக்கத்தையே மறைத்துவிடும். குளியலறையில் விழுந்தால், முன்பே கரைந்துபோன இடுப்பெலும்பு தாங்காது.

அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால், மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை குடியுங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிடுங்கள். மயங்கியவரின் வாயில் எதுவும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்; மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார். அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், பக்கத்து வீட்டார் கொடுத்த பொடி உட்பட. நாங்கள் திட்டமாட்டோம்.