செவிலியர் பணியும் பற்றும்

 

நம் வீட்டுப் பெண்மக்கள் பலர் இன்று செவிலியர் படிப்பை நாடுகின்றனர். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் திண்டுக்கல் மருத்துவமனைகளுக்கு வருவோர் இவ்வவையிலும் இருக்கின்றனர். அவர்களை வாழ்த்தும்போது 'தொண்டு', 'தியாகம்' என்னும் சொற்களையே எடுத்தாளுகின்றோம். ஊதியம் எவ்வளவு, இரவில் எத்தனை நோயாளிகளுக்கு ஒருவர் என்று கேட்பதில்லை. மருத்துவரை வாழ்த்தும்போது மட்டும் தியாகம் நம் நினைவுக்கு வருவதில்லை!

செவிலியர்க்குப் பணியில் பற்றில்லை என்று குறை கூறுவோர் ஒன்றை அறிய வேண்டும். 2015-ஆம் ஆண்டில் தமிழக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி, 7,000-க்கும் மேற்பட்ட செவிலியரை எடுத்தது. மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். ஈராண்டில் நிரந்தரம் என்னும் நம்பிக்கையோடு சேர்ந்தனர். நிரந்தரச் செவிலியர் பார்த்த அதே வேலையை, அதே வார்டில் பார்த்தனர். ஈராண்டு கழிந்தது. பெரும்பாலோர்க்கு நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை மருத்துவ இயக்குநரக வளாகத்தில் அமர்ந்து போராடினர். 2018-இல் ஊதியம் 14,000 ரூபாய் ஆயிற்று. பின்னர்க் கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பெற்றோருள் 2,000-க்கும் மேற்பட்டோர், 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு நிறுத்தப்பெற்றனர். இவர்களிடமா பற்றுக் குறைந்தது?

பணிச்சுமைக்கும் அளவுகோல் உண்டு. இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிப்படி, மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர் வேண்டும். விடுப்பில் செல்வோர்க்கு ஈடாக மேலும் 30 விழுக்காடு. மூன்று பணிநேரங்களுக்கும் பங்கிட்டால், ஒரு வேளைக்கு ஒன்பது படுக்கைக்கு ஒருவர். 2022 ஜனவரியில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றபின், நம் அரசு மருத்துவமனைக்கும் இதுவே அளவுகோல். உறவினரைப் பார்க்கச் செல்லும் இளைஞர்கள் இரவில் ஒருமுறை வார்டை எண்ணிப் பாருங்கள். ஊசி தாமதமாயிற்று என்று சினப்பதற்கு முன் எண்ணுங்கள்.

தனியார் மருத்துவமனைகளின் நிலையும் நாம் அறிந்ததே. உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு ஆணையை ஒட்டி நடுவணரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமன்று, மாநிலங்கள் சட்டமாக்கினாலன்றி அது காகிதமே.

பெற்றோர்க்கும் ஒன்று. ஏற்பு இல்லாத நிலையங்கள் 'நர்சிங்' என்று பெயர்ப் பலகை மாட்டிப் பணம் வாங்குகின்றன. அங்குப் படித்த பெண், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மகப்பேறு செவிலியர் குழுமத்தில் பதிவு பெற முடியாது. வெள்ளுடை அணிவாள், ஆனால் செவிலியர் ஆகாள். உதவியாளர் கூலிக்கே ஆயுள் முழுதும் இரவு விழிப்பாள். ஆகவே, காதுத் தோட்டை அடகு வைப்பதற்கு முன், அந்நிலையத்திற்குக் குழுமத்தின் ஏற்பு உண்டா என்று விசாரியுங்கள். கடிதம் எழுதத் தெரியாதோர்க்கு நம் சங்கத்து இளைஞர்கள் எழுதித் தருவார்கள்.