கேப்டன் லட்சுமியும் நம் தெருப் பெண்களும்

(கார்டன் ரீச்சில் ஜூலை 23 அன்று நடந்த நினைவு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நான் பெரிய பேச்சாளன் அல்ல. பத்தாவது படித்துவிட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். ஃபைல் கட்டுவதும் சங்கத்துக்குச் சந்தா வசூலிப்பதும்தான் எனக்குத் தெரிந்த வேலை. இருந்தாலும் இன்று கேப்டன் லட்சுமியைப் பற்றிப் பேச நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் படத்தைப் பாருங்கள். தொப்பி, காக்கிச் சட்டை, நிமிர்ந்த பார்வை. பார்த்தவுடனே "ஓ, நேதாஜி படையில் இருந்தவர்" என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். நேதாஜி பெயர் நமக்குப் புதிதா? நம்மில் பலருக்குச் சோறு போடும் துறைமுகத்துக்கே நேதாஜி சுபாஷ் டாக் என்றுதான் பெயர். ஆனால் அந்தப் படையில் துப்பாக்கி தூக்கிய பெண்கள் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

லட்சுமி 1914 அக்டோபர் 24-ல் சென்னையில் பிறந்தார். அப்பா சுவாமிநாதன் பெயர் பெற்ற வக்கீல். அம்மா அம்மு சுவாமிநாதன் பாலக்காட்டுப் பக்கத்து ஆனக்கரையைச் சேர்ந்தவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். மகள் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1938-ல் டாக்டரானார். அவருடைய முதல் மணவாழ்வு நிலைக்கவில்லை. நம் தெருவில் அப்படி ஒரு பெண்ணுக்கு நேர்ந்தால் என்ன சொல்வோம்? "அவ்வளவுதான், அவள் கதை முடிந்தது" என்போம். லட்சுமியின் கதையோ அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

1940-ல் சிங்கப்பூர் போனார். அங்கே ஒரு மருத்துவமனை தொடங்கினார். வந்தவர்கள் யார்? இந்தியாவிலிருந்து கூலி வேலைக்குப் போன ஏழைகள். நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்கள்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கென்று ஒரு படைப் பிரிவு வேண்டும் என்றார். சில நாட்களுக்குள் 20 பெண்கள் சேலை கட்டியபடியே துப்பாக்கி ஏந்தி அணிவகுத்து நின்றார்கள். அவர்களைத் திரட்டியவர் டாக்டர் லட்சுமி. அதுதான் ஜான்சி ராணிப் படையின் தொடக்கம். அக்டோபர் 21-ல் ஆசாத் ஹிந்த் அரசு அறிவிக்கப்பட்டது. அதன் ஒரே பெண் அமைச்சர் அவர். மறுநாள், அக்டோபர் 22-ல், சிங்கப்பூரில் பெண்களின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

அந்த முகாமுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மலேயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள். கங்காணியின் அதட்டலைத் தவிர வேறு உத்தரவு கேட்டறியாதவர்கள். அவர்களில் பலர் இந்திய மண்ணைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. பார்க்காத நாட்டுக்காகத் தலைமுடியை வெட்டிக்கொண்டு, கால்சட்டை போட்டுக்கொண்டு பர்மாவுக்குப் போனார்கள்.

ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் போரில் நேதாஜி படைக்குத் துணை நின்றது ஜப்பான். அதே ஜப்பானியர்தான் 1942-43-ல் அதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைப் பிடித்துப்போய் சயாம் - பர்மா ரயில் பாதை போட வைத்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்குக் கூடக் கிடையாது. நான் ரயில்வேக்காரன். தண்டவாளத்தைப் பார்க்கும்போது சில நாள் அந்த நினைவு வரும். ஒரே லயத்தில் அண்ணன் மரண ரயிலுக்கும் தங்கை விடுதலைப் படைக்கும் போகக்கூடிய காலம் அது. ஏழையின் வரலாறு இப்படித்தான், நேர்கோட்டில் போகாது.

1945-ல் படை பின்வாங்கியது. லட்சுமி பர்மாவில் பிடிபட்டார். 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். சீருடை வாழ்க்கை ஏறக்குறைய 3 ஆண்டு. அவ்வளவுதான் தோழர்களே! அவர் வாழ்ந்தது 97 ஆண்டு. மீதி ஆண்டுகளில் என்ன செய்தார்? என் பேச்சே அதைப் பற்றித்தான்.

செங்கோட்டை வழக்கில் நிறுத்தப்பட்ட மூவரில் ஒருவரான பிரேம் குமார் சேகலை 1947 மார்ச்சில் லாகூரில் மணந்தார். கான்பூரில் குடியேறினார்கள். இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவர் சுபாஷினி அலி, 1989-ல் அதே கான்பூரிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாய், மனைவி, பாட்டி என்று குடும்பத்தில் அவர் குறை வைக்கவில்லை. ஆனால் குடும்பம் என்ற சொல்லை வீட்டு வாசலோடு நிறுத்தவும் இல்லை.

பிரிவினையில் வீடிழந்து கான்பூருக்கு ஓடிவந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார். காசில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை. 1971-ல் கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்தபோது, 56 வயதில், நம் வங்காளத்துக்கே வந்து எல்லையோர முகாம்களில் வேலை செய்தார். அந்த ஆண்டுதான் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1981-ல் சென்னையில் ஜனநாயக மாதர் சங்கம் தோன்றியபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

1984 வந்தது. இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு சீக்கியரைத் தேடித் தேடி அடித்தார்கள். கான்பூரிலும் கும்பல் வந்தது. 70 வயதுக் கிழவி தெருவில் இறங்கி நின்றார். தன் மருத்துவமனையைச் சுற்றியிருந்த சீக்கியர் யார் மேலும் கை விழாமல் பார்த்துக்கொண்டார். அடுத்த மாதம் போபாலில் விஷ வாயு. மருத்துவக் குழுவோடு அங்கே போனார்.

2002 குடியரசுத் தலைவர் தேர்தல் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். எதிரில் இடதுசாரிகளின் வேட்பாளராக 87 வயது லட்சுமி. தோற்றார். வாக்கு மதிப்பில் கலாமுக்கு 9,22,884. இவருக்கு 1,07,366. தோற்றவர் வீட்டில் முடங்கினாரா? மறுபடியும் கான்பூரில் நோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். 90 வயதைத் தாண்டியும் பார்த்தார். 2012 ஜூலை 23-ல் கண் மூடினார். உடலைக் கூடச் சுடுகாட்டுக்குக் கொடுக்கவில்லை. மாணவர்கள் படிக்கட்டும் என்று கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள்.

"அவர் தமிழரா, மலையாளியா?" என்று வாசலில் ஒரு நண்பர் என்னைக் கேட்டார். சென்னையில் பிறந்தவர், சிங்கப்பூரில் உழைத்தவர், பர்மாவில் சிறைப்பட்டவர், லாகூரில் மணந்தவர், கான்பூரில் மறைந்தவர். போன ஊரையெல்லாம் தன் ஊராக்கிக்கொண்ட மனுஷி. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதைவிட நெருக்கமான உறவு யார்?

இனி நான் ஏன் பேச வந்தேன் என்பதைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் என் மனைவியின் தங்கைக்கு ராத்திரி வலி எடுத்தது. ஊரிலிருந்து வந்து நாலு மாசம் கூட ஆகவில்லை. வங்காளி தெரியாது, இந்தி தெரியாது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க இந்த ஜன்னலுக்குப் போ, அந்த ஜன்னலுக்குப் போ என்று அலைய விட்டார்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்லக் கூட அவளுக்கு வார்த்தை இல்லை. கூடப் போய்ச் சண்டை போட்டு உள்ளே சேர்த்தது யார் தெரியுமா? மெட்டியாபுரூஸிலிருந்து எங்கள் சந்துக்குக் குடிவந்த ஒரு தையல்காரர் மனைவி. தமிழில் ஒரு சொல் தெரியாத முஸ்லிம் அம்மா. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அந்த ராத்திரி நான் எங்கே இருந்தேன்? இதே இடத்தில், இதே நாற்காலியில். ஆண்டு விழாவுக்கு மைக் செட் யாரிடம் எடுப்பது என்று கமிட்டியில் விவாதித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அதனால் சங்கத்தின் முன் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, கேப்டன் லட்சுமிக்குப் பெரிய படம் வைக்கச் சேர்த்த பணத்தில் படம் வேண்டாம், இந்தச் சின்னப் படம் போதும். அந்தப் பணத்தை ஆஸ்பத்திரி உதவிக்கு ஒதுக்குவோம். வங்காளி பேசத் தெரிந்த நம் பெண்கள் முறை வைத்து நோயாளிகளோடு போகட்டும். வண்டிச் செலவைச் சங்கம் கொடுக்கட்டும். இரண்டு, நம் கமிட்டியில் இன்று வரை ஒரு பெண் கூட இல்லை. பால் வெட்டிய பெண்கள் பட்டாளம் நடத்தினார்கள் என்று கைதட்டுகிறோம். நம் வீட்டுப் பெண்கள் ஒரு கமிட்டி நடத்த மாட்டார்களா? வரும் தேர்தலில் பாதி இடம் அவர்களுக்கு. என் இடத்திலிருந்தே தொடங்குங்கள், நான் விலகிக்கொள்கிறேன். மூன்று, இந்த உதவி தமிழருக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்காதீர்கள். அன்று அந்த அம்மா எங்களிடம் மொழி கேட்கவில்லை.

இதற்கு எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். வரட்டும், பேசுவோம். மாலை போடுவது ஒரு நிமிஷ வேலை. அவர் செய்த வேலையைச் செய்வதுதான் கஷ்டம். தாய்மார்களே, கூட்டம் முடிந்ததும் அவசரமாக எழுந்து போய்விடாதீர்கள். மேஜை மேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் துணை போகச் சம்மதமுள்ளவர்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.