நெரிசலின் விளிம்பு



கணிதத்தில் பிறந்த ஒரு காட்சியைத் தங்கள் முன் வைக்க விழைகின்றேன். முடிவில்லாத ஒரு வரிசை. அதில் ஓரிடத்தில் ஒரு துகளே இருக்கலாம். தற்செயலான கணங்களில் ஒவ்வொரு துகளும் வலப்புறம் ஓரடி தாவ முயலும். அடுத்த இடம் வெற்றிடமாயின் செல்லும், இன்றேல் நிற்கும். 1970-இல் ஃபிராங்க் ஸ்பிட்சர் கணித உலகுக்கு அறிமுகப்படுத்திய விலக்கல் முறைமையின் எளிய வடிவம் இது.

இடப்புறம் நூற்றுக்கு 40 இடங்களும் வலப்புறம் நூற்றுக்கு 80 இடங்களும் நிரம்பியுள்ளன என்க. இரண்டும் சந்திக்கும் விளிம்பையே அதிர்ச்சி அலை என்பர். துகள் ஒவ்வொன்றும் முன்னோக்கியே தாவுகிறது, விளிம்போ பின்வாங்குகிறது! தடையற்ற துகள் சராசரியாக ஐந்து முறை தாவும் நேரத்தில், விளிம்பு ஓரிடம் பின்னே நகரும்.

இங்கே ஒரு வினா எழுகிறது. அருகே சென்று நோக்கினால் அவ்விளிம்பு கூர்மையானதா, மங்கலானதா? அசையாத ஓரிடத்தில் நின்று பலமுறை பார்த்துச் சராசரி கண்டால் மங்கலாகவே தெரியும். காலம் செல்லச் செல்ல அம்மங்கல் விரியும்.

1991-இல் ஃபெராரி, கிப்னிஸ், சாதா ஆகிய மூவரும், 1992-இல் ஃபெராரி தனித்தும் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விடை பகர்ந்தன. கூட்டத்தினுள் 'இரண்டாம் வகுப்புத் துகள்' ஒன்றை விடுவோம். வெற்றிடம் கண்டால் அதுவும் முன்னேறும். ஆனால் பின்னிருந்து வரும் முதல் வகுப்புத் துகளுக்கு இடம் கொடுத்து ஓரடி பின்செல்லும். நெரிசல் குறைந்த பக்கம் அது முன்னேறுகிறது. மிகுந்த பக்கம் விளிம்பைக் காட்டிலும் விரைவாகப் பின்தள்ளப்படுகிறது. ஆகவே எப்பக்கம் சென்றாலும் விளிம்புக்கே மீள்கிறது. அதனுடன் பயணித்து நோக்கினால் விளிம்பு என்றும் கூர்மையாகவே நிற்கிறது. 1993-இல் டெரிடா முதலிய நால்வர் அதன் வடிவையே துல்லியமாகக் கணித்தனர்.

மங்கியது விளிம்பு அன்று. அது இருக்கும் இடமே தற்செயலாக அலைந்தது. சராசரி அவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டியது.

கவிஞர் பெருமக்களே, ஒரு காலத்தின் முறிவைத் தொலைவில் நின்று தொகுத்துரைப்போர் உளர். கூட்டத்தில் முன்னுரிமை ஏதுமின்றி, அனைவர்க்கும் வழிவிட்டு, முறிவோடு நகர்பவனும் உளன். கூர்மை அவன் கண்ணுக்கே புலப்படுகிறது. நம் வட்டம் அவனுக்கும் செவிசாய்க்க வேண்டும் எனக் கூறி அமைகின்றேன்.