கூரைக்குக் கீழே ஒரு கூரை

(தலைமன்னாரில் நடந்த உறுப்பினர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கரை நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரிந்த கரை. ஆரம்பத்தில் தோணியில் வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு இங்கே ரயில் ஏறினார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலட்சக்கணக்கானவர்கள் பெரும்பாலும் இதே வழியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1977க்கும் 1983க்கும் பிறகு அடிபட்டு ஓடிவந்த சில குடும்பங்கள் இந்தப் பக்கமே தங்கிவிட்டன. 2023 ஜூலை 28ஆம் திகதி, இருநூறு வருடத்தை நினைத்து, நம் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடியும் நடந்தார்கள்.

மலையில் இருப்பவர்களுக்கும் இங்கே இருப்பவர்களுக்கும் இன்றைக்கும் பொதுவாக இருப்பது தலைக்கு மேலே உள்ள தகரம். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்கும். பிள்ளைகள் தூங்க முடியாமல், காலையில் வகுப்பில் முதல் பாடத்திலேயே கண்ணயர்கிறார்கள். மன்னாரில் மத்தியானம் காம்பராவுக்குள் உட்கார முடியாது என்று இங்குள்ள அக்காமார் சொல்கிறார்கள். அங்கே குளிர், இங்கே வெக்கை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

தகரம் பகலில் வெயிலில் காய்ந்து கீழே அனல் வீசுகிறது. இரவில் தன் சூட்டை வானத்துக்கு விட்டு, வெளிக்காற்றை விடவும் குளிர்ந்துபோகிறது. நம் மூச்சின் ஈரம் அதில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. மழையே இல்லாத இரவில் போர்வை நனைவது இதனால்தான்.

இதற்கு மருந்து காற்று. அடைத்து நிறுத்திய காற்று சூட்டையும் குளிரையும் எளிதில் கடத்தாது. கம்பளி சூடு தருவதும் அதன் நூலுக்குள் காற்று நிற்பதால்தான். இங்கே மீனவர்களின் கிடுகு வாடிக்குள் நுழைந்து பாருங்கள், வெயிலிலும் தாங்கலாம். ஓலைக்கு ஓலை இடையில் காற்று இருக்கிறது.

ஆகவே தகரத்துக்குக் கீழே இன்னொரு கூரை கட்டுங்கள். முதலில் ஒழுகும் ஆணித் துளைகளை அடையுங்கள். பிறகு தகரத்துக்கு ஒரு சாண் கீழே கம்பி இழுத்து, கழுவிக் காயவைத்த மாச் சாக்குகளைத் தைத்துக் கட்டலாம். மருந்து வந்த சாக்கு வேண்டாம். சாக்குக்கு மேலே, கடையில் கேட்டு வாங்கிய காட்போட்டை இரண்டு மூன்று அடுக்காகப் பரப்புங்கள். குளிர்ப் பிரதேசத்தில் சாக்கின் அடிப்பக்கம் ஒரு பொலித்தீன் விரித்தால் மூச்சின் ஈரம் மேலே ஏறாது. சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள சந்துகளையும் கதவின் அடியையும் சாக்குச் சுருளால் அடையுங்கள். சீமெந்துத் தரையில் படுப்பவர்கள் பாய்க்கு அடியிலும் காட்போட் போடுங்கள்.

மன்னாரில் ஒரு மாற்றம். மேலே உள்ள அந்த ஒரு சாண் இடைவெளியை இரண்டு பக்கமும் திறந்து விடுங்கள். சோளகக் காற்று அந்தச் சூட்டை எடுத்துப்போகும். தகரத்தின் மேல் பனையோலையோ கிடுகோ போட்டால் வெயில் தகரத்தைத் தொடாது.

நெருப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அடுப்புக்கு மேலே சாக்கு, பொலித்தீன், ரெஜிபோம் எதுவும் கட்டாதீர்கள். புகை போகும் வழியை அடைக்காதீர்கள். சந்தெல்லாம் அடைத்த அறைக்குள் தணல் சட்டி வைத்துப் படுக்கவே கூடாது. அந்த நச்சுக் காற்றுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

அஸ்பெஸ்டஸ் சீட் உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அதில் துளை போடாதீர்கள், வெட்டாதீர்கள், உரசிக் கழுவாதீர்கள். கம்பியை மரத்தில்தான் கட்ட வேண்டும். உடைந்தால் நனைத்துவிட்டு எடுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் இருபது, முப்பது வருடம் கழித்தும் புற்றுநோயாக வரலாம். அஸ்பெஸ்டஸ் இறக்குமதிக்கு 2018 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு வர இருந்தது. 2017 டிசம்பரில், ஒரு வண்டு கிடைத்தது என்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. ரஷ்யாதான் அஸ்பெஸ்டஸையும் விற்கிற நாடு. அரசாங்கம் உடனே அந்தக் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. நாம் பறிக்கும் கொழுந்தை விற்பதற்காக, நம் தலைக்கு மேலே அந்தச் சீட் தொடர்ந்து வர வழிவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. சாக்குக் கூரை இந்த மாதத்துக் குளிருக்கு. அதைக் கட்டிவிட்டோம் என்பதற்காக நிர்வாகத்தின் பொறுப்பு தீராது. லயத்துக்கு நம்மிடம் உறுதி இல்லை. ஒரு தகரத்தை மாற்றவும் துரையிடம்தான் கேட்க வேண்டும் என்றால், அதைத் திருத்த வேண்டியவரும் அவர்தான். ஒவ்வொரு தோட்டத் தலைவரும், மாதர் சங்கத் தலைவியும் ஒரு கொப்பி போடுங்கள். எந்தக் காம்பரா, எத்தனை தகரம் கெட்டது, எத்தனை பிள்ளைகள், எந்தத் திகதியில் சொன்னோம் என்று எழுதுங்கள். போனில் படம் எடுங்கள். கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொடுத்து, ஒன்றில் கையொப்பம் வாங்குங்கள். சும்மா “வீடு சரியில்லை” என்று எழுதாமல், “தகரம் இத்தனை, உட்கூரை இத்தனை அடி” என்று எழுதுங்கள். புதிய வீடு கட்டும் இடங்களில், கூரை ஏறுவதற்கு முன்பே உட்கூரை திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏறிய பிறகு கேட்டால் பணம் முடிந்துவிட்டது என்பார்கள்.

கொப்பிகளை அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோரிக்கையாக முன்வைப்போம்.