கார்டிஃப் வென்ற கோப்பை



நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் கோல் காக்கும் சிறுவன் ஒருவன் இருந்தான். ஒரு போட்டியில் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான்; எங்கள் குழு தோற்றது. மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான் அவன் வீடு தேடிச் சென்று சொன்ன வரலாற்றையே இன்று உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

வேல்ஸ் நாட்டுத் துறைமுக நகரம் கார்டிஃப். 1923-24 லீக் பந்தயத்தில் அந்நகரக் குழுவும் ஹடர்ஸ்ஃபீல்டு குழுவும் 57 புள்ளிகள் பெற்றுச் சமமாக நின்றன. அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்து முதல்வரைத் தீர்மானிப்பது அக்கால வழக்கம். கார்டிஃபுக்கு 61, 34. ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 60, 33. வகுத்துப் பாருங்கள். இன்னும் ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் பட்டம் கார்டிஃபுக்கே! (பின்னக் கணக்கு எதற்குப் பயன்படும் என்று கேட்ட மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன்.) கடைசி ஆட்டத்தில் கிடைத்த பெனால்டி உதையை லென் டேவிஸ் கோலாக்கத் தவறினார். மறு ஆண்டு கோப்பை இறுதியாட்டத்திலும் கார்டிஃப் தோற்றது.

1926-27 பருவம் தொடங்கியபோது வேல்சின் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிக் கிடந்தன. தொழிலாளர் பல மாதம் போராடி, தோற்று, வேலைக்குத் திரும்பினர். லீக்கில் கார்டிஃபுக்கு 22 குழுக்களுள் 14-ஆம் இடமே கிடைத்தது. ஆயினும் கோப்பைப் பந்தயத்தில் அக்குழு இறுதிவரை முன்னேறிற்று. தலைவர் பிரெட் கீனர், முதல் உலகப் போரில் சாம் களத்தில் காலில் காயமுற்றவர்.

1927 ஏப்ரல் 23. வெம்பிளி அரங்கில் எதிரே ஆர்சனல். கோப்பை இறுதியாட்டம் வானொலியில் ஒலிபரப்பானது அன்றுதான் முதன்முறை. 'ரேடியோ டைம்ஸ்' இதழ் மைதானத்தைக் கட்டங்களாக வகுத்து எண்ணிட்டு அச்சிட்டிருந்தது. ஒருவர் ஆட்டத்தை வருணிக்க, மற்றொருவர் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லுவார். வீட்டிலிருந்தோர் படத்தில் விரல் வைத்துப் பந்தைத் தொடர்ந்தனர்!

74-ஆம் நிமிடத்தில் ஹியூயி பெர்கூசன் பந்தை உதைத்தார். பெரிய வேகமில்லை. ஆர்சனலின் கோல் காவலர் டான் லூயிஸ் மண்டியிட்டுப் பிடித்தார். பிடித்துவிட்டார் என்றே யாவரும் எண்ணினர். பந்து கைக்கடியில் நழுவி உருண்டு கோட்டைக் கடந்தது. பாய்ந்து வந்துகொண்டிருந்தவர் அதே லென் டேவிஸ். ஒன்றுக்குச் சுழி என்று கார்டிஃப் வென்றது. இங்கிலாந்துக்கு வெளியேயுள்ள வேறெந்தக் குழுவும் அக்கோப்பையை இன்றுவரை வென்றதில்லை.

லூயிஸ் பிறப்பால் வேல்ஸ் நாட்டவர். தம் நாட்டுக்காரரிடம் வேண்டுமென்றே தோற்றார் என்றுகூட வம்பு பேசினர். புதுச் சட்டையின் வழவழப்பே காரணம் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதன்பின் ஆர்சனல் குழுவினர் இறுதியாட்டத்துக்குமுன் காவலரின் புதுச் சட்டையைத் துவைத்தே கொடுத்தார்களாம்.

இவ்வளவையும் கேட்ட சிறுவன் ஒன்றே கேட்டான்: "அப்புறம் அவரை ஆட விட்டார்களா, ஐயா?"

விட்டார்கள். அதன்பிறகும் சில ஆண்டுகள் ஆர்சனலின் கோலை அவர் காத்தார். 1930-இல் அக்குழு மீண்டும் இறுதியாட்டத்துக்கு வந்து கோப்பையை வென்றபோது மட்டும், காயம்பட்டிருந்ததால் அவரால் ஆட முடியவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். மறுநாள் காலை மணியடிக்கும் முன்பே அவன் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தான்.