குழந்தைப்பேறு இல்லாத சகோதரிகளின் மனச்சோர்வு

 

நமது குடும்பங்களில் திருமணமான சில மாதங்களிலேயே "ஏதும் விசேஷம் உண்டா?" என்ற கேள்வி தொடங்கிவிடுகிறது. கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கேள்வியே ஒரு பெண்ணின் உள்ளத்தை அரித்துவிடுகிறது. பெயர் சூட்டும் வீட்டிற்குச் செல்லவும் அவள் தயங்குகிறாள். உறக்கம் கெடுகிறது, உணவில் விருப்பம் குறைகிறது, தான் பயனற்றவள் என்ற எண்ணம் வேரூன்றுகிறது. இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அது ஈமானின் குறைவன்று. சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய்.

உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. கருத்தடை இன்றி 12 மாதங்களோ அதற்கு மேலோ சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காத நிலையையே மருத்துவம் குழந்தையின்மை என்கிறது. நம் பகுதி இளைஞர் பலர் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பணிபுரிகின்றனர். நிக்காஹ் முடிந்து நான்கு ஆண்டுகள் என்று ஊர் கணக்கிடுகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்ததோ நான்கைந்து மாதங்கள்தாம். அத்தகைய பெண்ணுக்கும் நாம் 'மலடி' என்னும் கொடுஞ்சொல்லைச் சூட்டலாமா?

குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் ஆணின் குறையும் காரணமாகவோ துணைக் காரணமாகவோ அமைகிறது. ஆணுக்குரிய முதற்பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அவ்வாறிருந்தும் ஊசியும் மாத்திரையும் பழியும் பெண்ணுக்கே என்பது நீதியாகாது.

ஆண் மக்களையும் பெண் மக்களையும் வழங்குவதும், சிலருக்கு வழங்காதிருப்பதும் இறைநாட்டமே என்று அஷ்ஷூரா அத்தியாயத்தின் 49, 50ஆம் வசனங்கள் அறிவிக்கின்றன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. ஆயினும் அவர்கள் முஃமின்களின் அன்னை. மார்க்கக் கல்வியின் பேராசான்.

ஆகவே, குழந்தையின்மையைக் காரணம் காட்டி மணவிலக்கோ மறுமணமோ கோரி ஜமாஅத்திற்கு வருவோரிடம், "கணவர் பரிசோதனை செய்துகொண்டாரா? இருவரும் எத்தனை மாதங்கள் சேர்ந்து வாழ்ந்தீர்கள்?" என்று முதலில் கேட்போம். மாமியார்மாரும் நாத்தனார்மாரும் அப்பெண்ணை விழாக்களில் முன்னிறுத்துவார்களாக. வெளிநாட்டிலுள்ள கணவர், குடும்பத்தாரின் கேள்விகளுக்குத் தாமே பதிலளிப்பாராக.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை நமக்குத் தொலைவில் இல்லை. ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். "உயிர் வாழ்ந்து என்ன பயன்?" என்று ஒரு சகோதரி சொன்னால், அதை வெறும் புலம்பல் என்று தள்ளாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் கடமை.